அம்மா சொன்ன கதவு

ஆசிரியருக்கு வணக்கம்.

நெஞ்செரிச்சல் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசை தளர்ந்துபோனால் அமிலம் மேலேறும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தசை தளரவே மறுக்கும் நோயும் உண்டு. அதில் என் அம்மா மூன்று வருடம் தவித்தார்.

"யாரோ உள்ளே கதவைச் சாத்துற மாதிரி இருக்கு" என்பார். முதலில் சோறு நின்றது, அப்புறம் தண்ணீரும் நின்றது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகளை மேலே தூக்கி நிற்பார். இரவில் படுத்தால் மத்தியானம் சாப்பிட்டது அப்படியே தலையணையில் வந்து கிடக்கும். கல்யாணப் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். அசிடிட்டி என்றார் ஒரு மருத்துவர், மனக்கவலை என்றார் இன்னொருவர். அவருடைய ஜாக்கெட்டுகளை மூன்று முறை பிடித்துத் தைத்தேன். கடைசியில் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தபோது, குழாய் மேலே பைபோல விரிந்து அடியில் பறவையின் அலகாகக் கூம்பியிருந்தது. நோயின் பெயர் அக்கலேசியா.

அம்மா சொன்னது அப்படியே உண்மை. அந்த வளையத் தசை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், விழுங்கும்போது தளரும். அதற்கும் கட்டளை வேண்டும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொண்டு, குழாயின் சுவருக்குள் இருக்கும் நரம்பு செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. தசையைத் தளர்த்துவது முக்கியமாக அந்த வாயுதான். நரம்புக்கும் தசைக்கும் நடுவில் கஹால் செல்கள் என்று சில உண்டு. ஸ்பெயின் விஞ்ஞானி கஹாலின் பெயர் அவற்றுக்கு. செய்தியைக் கைமாற்றித் தருவதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது என்கிறார்கள். அக்கலேசியாவில், தளரச் சொல்லும் நரம்பு செல்கள் அழிந்துபோகின்றன. 27 வருடம் உயிரியல் நடத்தினேன். தசை சுருங்குவதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். தளர்வதற்கும் நரம்பின் சொல் வேண்டும் என்று ஒரு வகுப்பில்கூட அழுத்திச் சொன்னதில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் தசையையே வெட்டிவிடுகிறார்கள். வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாயைச் செலுத்தி வெட்டும் 'போயம்' முறையை 2008இல் ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கினார். அம்மாவுக்கும் அதைத்தான் செய்தார்கள். சில நாள் கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு. போன மாதம் பேரன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சோறு, தண்ணீர் இரண்டுமே நெஞ்சில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் அசிடிட்டி மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்த நோய்க்கு உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
காரைக்குடி.