விக்கிறவங்ககிட்டயே மிச்சம் பண்ணச் சொன்னா எப்படிங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சேமிப்புத் திட்டங்கள் பத்தி நீங்க போட்ட தலையங்கம் படிச்சேன். மாநில அளவுல, வட்டார அளவுல இத்தன திட்டம் வந்தும் எதிர்பார்த்த பலன் வரலன்னு சொன்னது சரிதான். ஆனா கடைசில "மக்கள்கிட்ட விழிப்புணர்வு இல்ல"ன்னு முடிச்சீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல. எந்தத் திட்டம் படுத்தாலும் எல்லாரும் இந்த ஒரு வரியத்தான் எழுதுறாங்க, அதிகாரிக்கும் வசதி, கம்பெனிக்கும் வசதி, பழி மட்டும் நம்ம தலையில.

எனக்குத் தெரிஞ்சு சிக்கலோட வேர் வேற இடத்துல இருக்கு. சேமிப்பு வேலைய பெரும்பாலும் யார்கிட்ட குடுக்குறாங்க? கரண்ட் விக்கிற அதே நிறுவனத்துகிட்ட. அவங்களுக்கு வருமானமே யூனிட் கணக்குலதான் வருது. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சம்பளம், வாங்குன கடனுக்கு வட்டி, இதெல்லாம் நீங்களும் நானும் கம்மியா எரிச்சாலும் அப்படியேதான் நிக்கும், வசூல் மட்டும் விழும். அப்புறம் எப்படி மனசார செய்வாங்க? கள்ளுக்கடைக்காரர்கிட்டயே மதுவிலக்குப் பிரச்சாரத்த ஒப்படைச்ச கதைதான். நோட்டீஸ் அடிப்பாங்க, பள்ளிக்கூடத்துல ஓவியப்போட்டி வைப்பாங்க, வருஷாந்திர அறிக்கைல போட்டோ வரும், அதோட சரி.

வழி இல்லாம இல்ல. கலிஃபோர்னியாவுல 1982-லயே மின் நிறுவனத்தோட வருமானத்த விற்பனைல இருந்து பிரிச்சு விட்டாங்க. இந்த வருஷம் உனக்கு இவ்ளோ வருமானம்னு ஒழுங்குமுறை ஆணையம் முன்னாடியே முடிவு பண்ணிரும், விற்பனை குறைஞ்சு வசூல் கம்மியாச்சுன்னா அடுத்து வர்ற கட்டணத்துல சரிக்கட்டிக்கலாம், கூடுதலா வந்துச்சுன்னா மக்களுக்குத் திருப்பணும். அதுக்கப்புறம் நிறுவனத்துக்கு நாலு யூனிட் கூட விக்கணும்ங்கற ஆசையும் இல்ல, சேமிச்சா நஷ்டம்ங்கற பயமும் இல்ல.

அதே மாநிலம்தான் 1970-கள்லயே ஃப்ரிட்ஜ் இவ்ளோக்கு மேல கரண்ட் இழுக்கக் கூடாதுன்னு விதி போட்டுச்சு, பின்னாடி அது அமெரிக்கா முழுக்க சட்டமாச்சு. அந்த 70-கள்ல சராசரியா ஒரு புது ஃப்ரிட்ஜ் வருஷத்துக்கு சுமார் 1,800 யூனிட் குடிச்சுது, 2001 விதி வந்தப்ப 500-க்கும் கீழ வந்துருச்சு, இத்தனைக்கும் ஃப்ரிட்ஜ் முன்னவிட பெருசு. வாங்குனவங்களுக்கு யாரும் விழிப்புணர்வு கிளாஸ் எடுக்கலங்க. கடைல மோசமான மாடலே இல்ல, அவ்ளோதான். அங்க தலைக்கு இவ்ளோங்கற மின் பயன்பாடு பல வருஷமா பெருசா ஏறாம இருந்ததுக்கு முழு பாராட்டயும் இதுக்கே குடுக்கணும்னு நான் சொல்லல, அங்க மிதமான சீதோஷ்ணம், கட்டணமும் ஜாஸ்தி, ஆனா இதுக்கும் ஒரு நல்ல பங்கு இருக்கு.

அடுத்தது காசு. சேமிப்புத் திட்டத்துக்குன்னு பில்லுலயே சின்னதா ஒரு தொகை புடிக்கறது பல இடத்துல உண்டு. அது ஒரு இடத்துல சேர்ந்து கிடந்தா பட்ஜெட்ல துண்டு விழுற வருஷம் நிதித்துறை கண்ணுலதான் முதல்ல படும். அமெரிக்காவுல வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்து 2008-ல கார்பன் ஏலம் ஆரம்பிச்சாங்க, அதாவது மின் நிலையங்கள் கரியமில வாயு வெளிய விடறதுக்கான அனுமதிய ஏலம் விடறது, வர்ற பணத்துல பெரும்பகுதி மின்சேமிப்புக்குன்னு பேச்சு, ரெண்டு வருஷம்கூட முழுசா ஓடல, நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் அதுல இருந்து எடுத்து பட்ஜெட் ஓட்டைய அடைச்சாங்க. நியூ ஜெர்சி அப்புறம் கூட்டணிய விட்டே வெளிய போய் 2020-ல திரும்ப வந்துச்சு, அதாவது ஆட்சி மாறுனா திட்டமும் மாறும்னு அர்த்தம். வீட்டு சுவருக்கு வெப்பத்தடுப்பு போடுற கான்ட்ராக்டர் இத நம்பி எப்படி ஆள் எடுப்பாரு, மெஷின் வாங்குவாரு, சொல்லுங்க.

அமெரிக்காவோட ஒஹையோ மாநிலத்துக் கதை இன்னும் மோசம். 2019-ல ஒரு சட்டம் கொண்டு வந்து ரெண்டு அணுமின் நிலையத்துக்கு மக்கள் பில்லுல இருந்து உதவித்தொகை, கூடவே மின் நிறுவனங்கள் வருஷா வருஷம் இவ்ளோ சேமிக்கணும்ங்கற விதிக்கு சமாதி. அதுக்குப் பின்னாடி ஆறு கோடி டாலர் லஞ்சம் ஓடுனது வெளிய வந்து, சட்டசபை சபாநாயகரா இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023-ல 20 வருஷம் ஜெயில் தண்டனை. இதுல எந்த இடத்துல சார் மக்களோட விழிப்புணர்வு வருது?

அமெரிக்காவுலயே வெர்மான்ட்னு ஒரு குட்டி மாநிலம் இருக்கு. 2000-ல இருந்து அங்க சேமிப்புக்குன்னே தனி அமைப்பு. கரண்ட் விக்கிறது அவங்க வேல இல்ல, மிச்சப்படுத்துறது மட்டும்தான் வேல, இலக்க எட்டுனாத்தான் அவங்களுக்கு சேர வேண்டியது முழுசா கைக்கு வரும். பில்லுல புடிக்கற பணம் அரசோட பொதுச் செலவுக்குப் போகக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்சதே இந்தக் கடைசி விஷயம்தான்.

கணக்கு போடுற விதத்தயும் கொஞ்சம் பாக்கணும். ஒரு எல்இடி பல்ப் குடுத்தா பழைய 60 வாட் குண்டு பல்ப கழட்டிட்டு இத மாட்டுவாங்க, தினம் இத்தன மணி நேரம் எரியும்னு ஒரு ஃபார்முலா வச்சுக்குறாங்க. அந்த பல்ப் அலமாரில அட்டப்பெட்டியோட கிடந்தாலும் சரி, பாத்ரூம்ல தினம் பத்து நிமிஷம் எரிஞ்சாலும் சரி, ரிப்போர்ட்ல சேமிப்பு ஒண்ணுதான். இந்தியாவோட உஜாலா திட்டம் 2015-ல வந்து 36 கோடிக்கும் மேல பல்ப் குடுத்துச்சு, மொத்தமா டெண்டர் விட்டதுல கொள்முதல் விலை 310 ரூபாய்ல இருந்து 38-க்கு இறங்குச்சு, அது நிஜமான சாதனை, மறுக்கவே மாட்டேன். ஆனா இத்தன கோடி யூனிட் மிச்சம்னு சொல்ற நம்பர் மீட்டர்ல அளந்தது இல்ல, மதிப்பீடு. மாதிரிக்கு கொஞ்சம் வீடு எடுத்து முன்ன பின்ன மீட்டர் பாத்து சொன்னா யார் வேணாங்கறாங்க? செய்ய மாட்டாங்க, ஏன்னா நம்பர் குறைஞ்சா அமைச்சர் மேடைல என்ன பேசுவாரு.

வாடகை வீட்டு விஷயத்த உங்க தலையங்கம் தொடவே இல்ல. ஏசி வாங்கி மாட்டுறது வீட்டு ஓனர், பில்லு கட்டுறது குடியிருக்கறவங்க. இருக்கறதுலயே சல்லிசான ஏசி வாங்குறதுதான் ஓனருக்கு லாபம், குடியிருக்கறவங்க நல்லத வாங்கலாம்னா நாளைக்கு காலி பண்ணச் சொன்னா என்ன பண்ணுவாங்க? இங்க ரெண்டு பேருக்குமே விழிப்புணர்வு நிறையவே இருக்கு, அதனாலதான் ரெண்டு பேரும் செலவு பண்ணல. பிரிட்டன்ல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2018 ஏப்ரல்ல இருந்து எரிசக்தி தரம் (ஏ-ல இருந்து ஜி வரைக்கும் போடுற மதிப்பு, ஏ-தான் நல்லது) 'ஈ'க்கு (E) கீழ இருக்கற வீட்ட புதுசா வாடகைக்கு விடக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, விலக்கெல்லாம் உண்டுதான், ஆனாலும் பிடிக்க வேண்டியவர பிடிச்சாங்க. அதே பிரிட்டன் 2013-ல கடன் குடுத்து வீட்ட சீர்பண்ணுற திட்டம் ஒண்ணு கொண்டு வந்து, சுமார் 7 சதவீத வட்டி வச்சு, வந்து சேர்ந்தது சுமார் 14,000 வீடுதான், 2015-ல நிதிய நிறுத்திட்டாங்க. இன்னொண்ணு, பில்லு வழியா காசு குடுக்கறது எல்லாரும், ஆனா மானியம் எடுக்க முடியறது முன்பணம் போட்டு புது மிஷின் வாங்க வசதி இருக்கறவங்கதான். இல்லாதவங்க இருக்கறவங்களுக்கு மானியம் குடுக்கறாங்க, இதுக்குப் பேர் மக்கள் நலத் திட்டம்.

ஆசிரியர்கிட்ட ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தடவ கட்டண உயர்வுக்கு பொது விசாரணை நடக்கும்போது உங்க நிருபர அனுப்பி, சேமிப்பு நிதின்னு இதுவரைக்கும் எவ்ளோ வசூலாச்சு, அதுல எவ்ளோ சேமிப்புக்குப் போச்சு, மிச்சம் எந்தக் கணக்குல இருக்குன்னு கேக்கச் சொல்லுங்க. பதில் வந்தா முதல் பக்கத்துல போடுங்க. வரலன்னா அதையும் அதே இடத்துல போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்