பதாகையில் இடம் பெறாத பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் 28 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மே மாதம் பிறந்தால் நம் பள்ளி வாசல்களில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பதாகை ஏறும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2017இல் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது, பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் இதோடு ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ரேங்க் விட்டுப் போன இடத்தில் தேர்ச்சி விழுக்காடு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

பத்தாம் வகுப்புக் காலாண்டில் கணக்கில் 9 மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவன் என்னிடம் படித்தான். ஈரிலக்க வகுத்தலே அவனுக்குத் தகராறு. மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த அவனை மாலை நேரங்களில் உட்கார வைத்து, வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று உறுதியாகக் கிடைக்கக்கூடிய அந்தப் பதினாறையாவது பிடித்துவிடலாம் என்று பழக்கினேன். முதலில் காம்பஸ் முனை தாளைக் கிழித்தது. தை பிறப்பதற்குள், உதவிப்படம் போட்டு, வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து, வில்கோடுகளை அழிக்காமல் காட்டும் அளவுக்கு வந்துவிட்டான். பொதுத்தேர்வில் அவன் பெற்றது 31. அதே வகுப்பில் காலாண்டில் 52 வாங்கியிருந்த இன்னொருவன் 35இல் வந்து நின்றான். பின்னவன் தேர்ச்சி, முன்னவன் தோல்வி. அந்த ஆண்டில் இருவரில் யார் கணக்குக் கற்றவன் என்று கேட்டால், மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து நம்மால் பதில் சொல்ல முடியுமா?

முடிவு வந்த மறுநாள் அந்த 31 வாங்கியவன் சாலைக்கு எதிர்ப்புறப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, வாசலில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே போனான். நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழுக்காடு குறையக் கூடாதென்று ஒரு தாயிடம், ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கம்மா, தனித்தேர்வராக எழுதட்டும்’ என்று பேசியவர்களில் நானும் இருந்தேன்.

31ஐ 35 என்று ஆக்கச் சொல்லவில்லை. கூலிக் கணக்குப் பார்க்கத் தெரியாதவனை உலகம் ஏமாற்றும் என்பதால், அந்தக் கோடு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது ஒரு பாடத்தில் ஒரு நாள் எழுதிய தாளின் மேல் விழுந்த கோடு. பிள்ளையின் மேல் விழுந்ததல்ல. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் வீரர் கையில் அகப்பட்டு ‘பிடிமாடு’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட காளையை வீட்டுக்கு ஓட்டிப் போய், பருத்திக்கொட்டை அரைத்து வைத்து, நீச்சலும் மண்குத்தலும் பழக்கி அடுத்த தைக்கு மீண்டும் வாடிவாசலுக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு நடுவில்தான் நாம் பள்ளி நடத்துகிறோம். (பிள்ளைகளை மாட்டோடு ஒப்பிடுகிறானே என்று இதைப் படித்துச் சிலர் கோபப்படலாம், படட்டும்.)

துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. அதில் தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். இது தெரியாமலே திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய பிள்ளைகளை நான் அறிவேன். விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே உட்கார வைத்து நிரப்பிக் கொடுங்கள். கோ.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தைப் பற்றிச் சொல்வதானால், தோற்றவனுக்கான தண்டனையைப் போலச் சொல்லாமல், ஃபிட்டர் வேலையில் ஆசையுள்ளவனுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லுங்கள். மதிப்பெண் பதிவேட்டில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காலாண்டு மதிப்பெண்ணுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி வந்தால் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள்.

பதாகை வைப்பதும் வைக்காததும் தங்கள் விருப்பம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், தேறாத பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் அன்று காலையே தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்