முந்தி ஓடும் கணினிக் கடிகாரம்: பேட்டரியை மாற்றிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பனிலிருந்து தொண்டி வரை கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் மீன் கம்பெனிகளிலும் கணினிக் கடிகாரம் முந்தி ஓடினால், முதல் வேலையாக உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியை, அதாவது கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவப் பேட்டரியை, மாற்றுகிறார்கள். அது வீண் செலவு. 3 வோல்ட் பேட்டரி இறங்கினால் கடிகாரம் பிந்தும், நின்றுபோகும், தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். முந்தாது.

வெயிலும் காரணமில்லை. நேரத்தை எண்ணுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் கிரிஸ்டல். 25 டிகிரியிலிருந்து சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது பிந்தத்தான் செய்யும். 45 டிகிரியில் நாளுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். ஜெனரேட்டரில் ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அதிர்வெண்) கூடினால், மின்சாரத்தில் ஓடும் சில மேசைக் கடிகாரங்கள் முந்தும். கணினிக்கு அந்தக் கணக்கே கிடையாது.

சரியாக ஐந்தரை மணி நேரம் முந்தினால் அது வேகக் கோளாறல்ல. விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸ் எழுதிவைத்த இந்திய நேரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமென்று எடுத்துக்கொண்டு மேலும் ஐந்தரை மணியைக் கூட்டிவிடும். நேர அமைப்பை (செட்டிங்) மாற்றினால் போதும்.

கொஞ்சம் கொஞ்சமாக முந்தினால் முதலில் அளந்து பாருங்கள். இணைய நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு, படகு ஜிபிஎஸ்ஸைப் பார்த்து நொடி சுத்தமாக நேரம் வையுங்கள். ஜிபிஎஸ்ஸைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் சில நொடி பிசகலாம். ஒரு நாள் முழுக்க கணினியை ஓடவிட்டுக் குறியுங்கள். மறுபடி நேரம் வைத்து, ஒரு நாள் அணைத்து வைத்து, போட்டதும் பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) பாருங்கள். மாதம் ஒரு நிமிட வித்தியாசம் இயல்பு.

ஓடும்போது மட்டும் முந்தினால் மென்பொருளைச் சந்தேகியுங்கள். சில மதர்போர்டுகளில் ஓவர்கிளாக் மென்பொருள் (கணினியின் வேகத்தைக் கூட்டுவது) பேஸ் கிளாக் என்ற அடிப்படைத் துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து 101 ஆக்கினாலே நாளுக்கு 14 நிமிடம் முந்திவிடும்.

அணைத்திருக்கும்போதும் முந்தினால் கோளாறு கிரிஸ்டல் பக்கம். பழுதுபார்த்தபோது வேறு கிரிஸ்டல் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு கிரிஸ்டலுக்கும் ஏற்ற மின்தேக்க அளவு பிக்கோஃபாரட்டில் குறிக்கப்படும். 6 பிக்கோஃபாரட் சுற்றில் 12.5 பிக்கோஃபாரட் கிரிஸ்டலைப் போட்டால் மாதம் மூன்று நான்கு நிமிடம் முந்தும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நம் கரையில் இன்னொன்று, உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் போர்டில் படிந்த உப்பு கசிந்து நீராகும். அந்த ஈரப்படலம் வழியே பக்கத்துச் சுற்றின் துடிப்புகள் கிரிஸ்டல் கால்களில் ஏற, கடிகாரம் அதிகமாக எண்ணிவிடும். படலம் தடித்தால் நின்றே போகும். ஆகவே வாடைக்காலத்தில் ஒரு முறையாவது சுத்தம் செய்வது நல்லது.

இங்கே பலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும் தடவுகிறார்கள். அதில் உப்பு கரையாது. மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை மென்தூரிகையில் தொட்டு கிரிஸ்டலைச் சுற்றித் தேய்த்து, ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகுதான் ஆல்கஹால். அது மிச்ச நீரையும் இழுத்துக்கொண்டு உலரும். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கெட்டுவிடும். ஓர் இரவு உலர்த்திவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

ஜெட்டிப் பக்கம் உள்ள சிசிடிவி ரெக்கார்டர்களிலும் இதே மாதிரி கிரிஸ்டல்தான் இருக்கிறது. பலவற்றுக்கு இணைய இணைப்பு இல்லாததால் பிசகு தானாகத் திருந்தாது. திருட்டு வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியாகக் கொடுக்க வேண்டி வரலாம். உரிமையாளர்கள் மாதம் ஒரு முறையாவது அதன் நேரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தேதியோடு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர்,
மண்டபம்.