காதால் படிப்பவருக்கும் பக்க அமைப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களின் இணையப் பதிப்புகள் அவ்வப்போது புதுப்பொலிவு பெறுகின்றன. எழுத்துருவும் வண்ணமும் மாறுகின்றன, படங்கள் பெரிதாகின்றன. அதே பக்கங்களைத் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு காதால் படிக்கும் பார்வையற்ற வாசகர்களுக்கு இம்மாற்றங்களால் என்ன நேர்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. இணையப் பக்கங்களை வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் விதிகளை எழுதும் சி.எஸ்.எஸ். என்ற கணினி மொழி கண்ணுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் எங்கள் தொழிலிலேயே பரவலாக இருக்கிறது. ஆனால் 1998 மே மாதம் வெளியான அதன் இரண்டாம் பதிப்பிலேயே ஒலிக்கென்று ஒரு முழு அத்தியாயம் இடம்பெற்றிருந்தது. தலைப்பை ஒரு குரலிலும் செய்தியை மற்றொரு குரலிலும் படிக்கச் செய்யலாம். பத்திக்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும், இணைப்பு வரும் இடத்தில் எந்த ஒலி எழ வேண்டும், எண்ணை முழுமையாகச் சொல்வதா இலக்கம் இலக்கமாகச் சொல்வதா என்றெல்லாம் அதில் எழுதி வைக்கலாம். குரல் கேட்பவரின் இடப்புறமிருந்து வர வேண்டுமா வலப்புறமிருந்து வர வேண்டுமா என்பதற்குக்கூட வழி இருந்தது. அது சற்று ஆடம்பரம்தான்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த டி.வி. ராமன். பதின்பருவத்தில் பார்வையை இழந்த அவர், 1994-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக, கணிதச் சூத்திரங்கள் நிறைந்த கட்டுரைகளை, குரலின் சுருதியை ஏற்றி இறக்கி, சூத்திரத்தின் அமைப்பு காதுக்கே விளங்கும்படி வாசிக்கும் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அவர் எழுதிய ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருள், கண்ணுக்கு நிறத்தால் உணர்த்துவதைக் காதுக்குக் குரல் மாற்றத்தால் உணர்த்துகிறது.

உலாவிகளும் திரைவாசிப்பான்களும் இந்த வழியில் அதிகம் நடக்கவில்லை. 2011-இல் வந்த திருத்தப் பதிப்பில் ஒலி அத்தியாயம் வெறும் பின்னிணைப்பாகச் சுருங்கியது. 2012-இல் தனிப் பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டும் அது இன்னும் இறுதித் தரநிலையாகவில்லை. திரைவாசிப்பான், உலாவி திரைக்காக ஆயத்தம் செய்த பக்கத்தின் கட்டமைப்பையே எடுத்துப் படிக்கிறது. ஒலிக்கென எழுதிய விதிகள் அதன் கைக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. இதில் ஒரு நியாயமும் உண்டு. பழகிய வாசகர் ஒருவர் மற்றவர்களுக்குச் சொற்களே பிரியாத வேகத்தில் கேட்டுப் புரிந்துகொள்வார். அந்த வேகத்தையும் குரலையும் நான் தீர்மானிப்பது முறையாகாது. ஆனால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்று செய்தியில் வரும்போது அதை "ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு" என்று படிக்காமல் இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். அதைத் தெரிவிக்கும் உரிமை எழுதுபவரிடம் இருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

இதைவிட அவசரமான செய்தி ஒன்று உண்டு. கண்ணுக்காக நாங்கள் எழுதும் விதிகள் இப்போதே காதில் விழுந்துகொண்டிருக்கின்றன. பக்கத்தின் மூல நிரலில் கீழே இருக்கும் செய்தியை சி.எஸ்.எஸ். கொண்டு திரையில் மேலே ஏற்றிவிட்டால், கண்ணுக்கு அது முதல் செய்தி. திரைவாசிப்பானோ மூலத்தில் உள்ள வரிசையையே பின்பற்றுவதால் காதுக்கு அது கடைசிச் செய்தி. தலைப்புகளுக்கு முன் அழகுக்காகச் சேர்க்கும் அம்புக்குறியும் நட்சத்திரமும் பல நேரங்களில் பெயர் சொல்லி வாசிக்கப்படுகின்றன. திரைக்கு வெளியே தள்ளி வைத்த பட்டியல், கண்ணில் படாவிட்டாலும், செய்திக்கு முன்பாக முழுவதும் ஒலிக்கிறது. தலைப்பைத் தலைப்பென்று குறிக்காமல் எழுத்தை மட்டும் தடித்துப் பெரிதாக்கினால், தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிக்கும் வாசகருக்கு அந்தப் பக்கத்தில் தலைப்பே கிடையாது.

சி.எஸ்.எஸ்.ஸுக்குப் புறம்பானது என்றாலும், பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் எழுதும் எச்.டி.எம்.எல். மூலத்தில் பக்கத்தின் மொழியைக் குறிக்கும் இடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வார்ப்புருவை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவதால் அங்கே "ஆங்கிலம்" என்றே விடப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் உள்ளன. அந்தக் குறிப்பை நம்பித் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலுக்கு மாறினால், அக்குரல் தமிழை விழுங்கிவிடும், அல்லது தொடர்பில்லாத ஒலிகளாக உதிர்க்கும். ஒரு சொல்லை மாற்றினால் தீரும் குறை இது.

தங்கள் இணையப் பிரிவினர் அடுத்த மாற்றத்தை வெளியிடுவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, திரையை அணைத்துவிட்டு, முகப்புப் பக்கத்தையும் ஒரு முழுச் செய்தியையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றும், திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் வாசகர் ஒருவரையும் அப்பணிக்கு ஊதியம் கொடுத்து அழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைய வடிவமைப்பாளர் ஒருவர்,
திருச்சி.