தேறிய ஆண்டைக் கேட்டுத் திருப்பி அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் முடிந்த மறுநாள், எத்தனை நிறுவனங்கள் வந்தன, எத்தனை பேருக்குப் பணி ஆணை கிடைத்தது என்று செய்தி வருகிறது. வெறுங்கையோடு திரும்பியவர்கள் எதற்காகத் திரும்பினார்கள் என்பது மட்டும் வருவதில்லை. அருப்புக்கோட்டையில் கணினி மையம் நடத்துகிறேன். ரெஸ்யூம் அடித்துத் தருவதும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவதும்தான் என் பிழைப்பு. பிள்ளைகள் வந்து சொல்லும் காரணங்களில் அடிக்கடி காதில் விழுவது, 'இந்த வருஷ பேட்ச் மட்டும்தான் எடுப்பாங்களாம்.'

பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்கிறார்கள். கடுமைதான், ஆனாலும் அது படிப்பைப் பற்றிய நிபந்தனை. தேறிய ஆண்டு எதை அளக்கிறது? இரண்டு வருடத்துக்கு முன் பி.காம். முடித்த பெண்ணுக்கு டேலி மறந்தா போயிருக்கும்?

இந்த இடைவெளி எப்படி விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் டிகிரி முடித்ததும் வீட்டில் சொல்வது, 'குரூப் 4-க்குப் படி' என்பதுதான். 2019 செப்டம்பர் 1-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அடுத்தது 2022 ஜூலை 24-இல்தான் நடந்தது, நடுவில் கொரோனா. அதன் முடிவு வந்தது 2023 மார்ச்சில். அந்தத் தேர்வை நம்பி உட்கார்ந்தவர்களின் வயதும் பேட்சும் அங்கேயே போயின. 2025 ஜூலையில் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்களோ 13 லட்சத்துக்கும் மேல். இடம் கிடைக்காத அத்தனை பேரும் அடுத்து தனியார் கம்பெனி வாசலுக்குத்தான் வர வேண்டும். அங்கே 'நடுவில் என்ன செய்தாய்?' என்கிறார்கள்.

சும்மா இருந்தவர்கள் குறைவு. சிவகாசி அச்சகத்திலோ, உள்ளூர் நூற்பாலையிலோ, செல்போன் கடையிலோ வேலை பார்த்திருப்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது, ஆகவே அது அனுபவத்தில் சேராது. பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. சென்னைக்கு அனுப்ப வீட்டில் மனசு வரவே ஒரு வருடம் ஆகிவிடுகிறது. வரும்போது பேட்ச் போய்விடும். ஃப்ரெஷரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை என்று இரண்டு பக்கமும் கதவு சாத்தினால் என்ன செய்வார்கள்? பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று கறக்கிற கன்சல்டன்சியிடம் போகிறார்கள். போலி அனுபவச் சான்றிதழுக்கு லெட்டர்பேட் அடித்துத் தரச் சொல்லி என் கடைக்கே வந்திருக்கிறார்கள். மறுத்து அனுப்பினேன். (வேறு கடையில் அடித்திருப்பார்கள், அது எனக்கும் தெரியும்.)

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தால்தான் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. வேலையில்லாமல் ஐந்து வருடம் போகும் என்று அரசே கணக்கு வைத்திருக்கிறது. அதே அரசு கூட்டும் முகாமில் ஒரே வருடத்தில் ஒருவர் பழசாகிவிடுகிறார்!

கம்பெனிகள் தங்கள் அலுவலகத்தில் யாரை எடுக்கிறார்கள் என்பது அவர்கள் இஷ்டம். ஆனால் மாவட்ட நிர்வாகம் இடம் கொடுத்து, பந்தல் போட்டு, கலெக்டர் தொடங்கி வைக்கும் முகாமில் தேறிய ஆண்டு நிபந்தனைக்கு இடம் தரக் கூடாது. தேர்வு வைக்கட்டும், நேர்காணல் நடத்தட்டும், தகுதி இல்லையென்றால் அனுப்பட்டும். அது உடனே முடியாதென்றால், எந்த நிறுவனம் எந்த ஆண்டு தேறியவரை எடுக்கும் என்பதை முகாம் அறிவிப்பிலேயே அச்சிடச் சொல்லுங்கள். 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று நோட்டீசில் போட்டுவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்களிடம் மேசையில் வைத்து அதைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அருப்புக்கோட்டை.