அந்த இருக்கையில் கிடந்தவர்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய முன்கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். உன் முதல் கதையில் பூட்டிய அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமே, அதைப் படித்த இரவு சமையலறை விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது உள்ளே இருப்பது எது, அதை எந்த ஆய்வுக்கூடத்தில் யார் உருவாக்கினார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். படித்து முடித்ததும் அந்தச் சத்தம் எனக்குள் நின்றுபோனது. அதுதான் என் வருத்தம்.

முன்கதையில் எல்லாவற்றையும் விளக்கலாம் என்பதற்கு, விண்வெளியில் நடக்கும் 'ஏலியன்' திகில் படங்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறாய். அதையே பார்ப்போம். 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்தில், கைவிடப்பட்ட ஒரு விண்கலத்துக்குள் மூன்று பேர் நுழைவார்கள். உள்ளே மாபெரும் இருக்கை ஒன்றில் ராட்சத உருவம் ஒன்று இறந்து கிடக்கும். உடம்பு எங்கே முடிகிறது, இருக்கை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உள்ளிருந்து எதுவோ வெடித்து வெளியேறியது போல விலா எலும்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். செத்து நெடுங்காலமாகிக் கல்லாகிவிட்டது என்பார் கப்பலின் தலைவர். அது யார், எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அந்த இருக்கை இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தம் பிள்ளைகளுக்கே சிறிய விண்வெளி உடை மாட்டி அதன் பக்கத்தில் நிற்க வைத்தார். மனிதன் எவ்வளவு சிறியவன் என்று காட்ட அத்தனை பாடுபட்டவர் அவர்.

அதே ஸ்காட் முதல் படத்துக்கு முன்கதையாக 2012-இல் 'ப்ரொமீதியஸ்' எடுத்தபோது, அந்த உருவம் வெறும் கவசம் என்றாகிவிட்டது. உள்ளே வெளுத்த தோலுடன் உயரமான ஓர் ஆள். நம்மைப் படைத்த இனத்தைச் சேர்ந்தவனாம். அதன் தொடர்ச்சியாக 2017-இல் வந்த 'கவனன்ட்' படத்திலோ, உடலைப் பிளந்துகொண்டு வெளியே வரும் அந்த ஜந்துவை, இருக்கையில் கிடந்தவரைக் கொன்றதாகத் தோன்றும் அதே ஜந்துவை, டேவிட் என்ற செயற்கை மனிதன்தான் உருவாக்கினான் என்பது போலக் கதை போகிறது. அந்தக் கதை நடப்பது 2104-இல். முதல் படத்தின் கதை 2122-இல். நடுவே 18 ஆண்டுகள்தான். அதற்குள் ஓர் உடல் எப்படிக் கல்லாகும்?

ஆனால் என்னை உறுத்துவது இந்தக் கணக்கு அல்ல. நமக்குச் சம்பந்தமே இல்லாத, நம்மைக் கண்டுகொள்ளாத ஒன்று அண்டவெளியில் இருக்கிறது என்பதுதான் முதல் படம் தந்த பயம். அந்த வெளுத்த தோல் இனத்தார் மனிதனைப் படைத்தார்கள், மனிதன் டேவிட்டைப் படைத்தான், டேவிட் ஜந்துவைப் படைத்தான் என்று ஆனபின் எல்லாம் ஒரே குடும்பத்துப் பகையாகிவிட்டது. அத்தனை பெரிய அண்டம் ஒரு வீட்டுக்குள் அடங்கிவிட்டது.

இருந்தாலும் 'கவனன்ட்' படத்தின் கடைசிக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் உறங்கும் கப்பலில் டேவிட் தனியாக நடக்கிறான். வாயிலிருந்து ஜந்துவின் இரண்டு சின்னக் கருக்களை வெளியே எடுத்து, மனிதக் கருக்கள் அடுக்கியிருக்கும் குளிர்பெட்டியில் அவற்றையும் வைத்து மூடுகிறான். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. ஏன் தெரியுமா? ஜந்து கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது நமக்கு முன்பே தெரியும். அதனால் அதன் காட்சிகளில் அது வந்து சேரும்வரை காத்திருக்கிறோம், அவ்வளவுதான். டேவிட்டின் முடிவு நமக்குத் தெரியாது. பழைய படங்களில் அவன் இல்லவே இல்லை. முன்கதைக்கு உயிர் இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உன் கதையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாளே, கண்ணா. பூட்டுக்கு எண்ணெய் விடும் அந்தப் பெண். எட்டாம் பக்கத்தில் வந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறாள். முதல் கதையில் அவள் பெயர்கூட இல்லை. உள்ளே இருப்பது எதுவென்று சொல்லும் பக்கங்களை எடுத்துவிட்டு, அவள் பின்னாலேயே போ. அன்றைக்கு அவள் சாவியை எங்கே வைத்தாள் என்று எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா