பறவை நோக்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆண்டுத் தொடக்கத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. புதியவர்களுக்கு அறிமுக வகுப்பும் நடந்தது.

இவ்வாண்டின் பெரும்பணி, பறந்தபடியே பூச்சி பிடிக்கும் சிறு பறவையான உழவாரனின் கணக்கெடுப்பு. பனை உழவாரனையும் நாட்டு உழவாரனையும் தனித்தனியே எண்ணவே படிவத்தில் இரண்டு கட்டங்கள் வைத்தோம். பல படிவங்கள் இரண்டுக்கும் குறுக்கே ‘உழவாரன்’ என்று ஒரே எண்ணுடன் திரும்பி வந்தன. அவற்றைச் சேர்க்க வழியில்லை. பல மாலைகளின் உழைப்பு வீணானதில் எனக்கு மிகுந்த வருத்தம். பயிற்சிக்கு வராதவர்களுக்காக மறுபடியும் எழுதுகிறேன்.

வெள்ளைப் பிட்டத்தை, அதாவது முதுகுப்புறத்தில் வால் தொடங்குமிடத்து வெண்மையை, மட்டுமே நம்பியதால் வந்த வினை இது. நாட்டு உழவாரனுக்குப் பளிச்சென்ற வெண்பிட்டம் உண்டு. பனை உழவாரனுக்கு இல்லை. ஆனால் தலைக்கு மேலே பறக்கிற பறவையின் அடிப்புறம்தான் நம் கண்ணில் படும். வெண்மை விலாப்பக்கமும் சற்று இறங்கியிருப்பதால், பறவை சரிந்து திரும்பும் நொடியில் தெரியும். மாலை வெயிலை எதிர்த்து நின்றால் அதுவும் கறுத்துப்போகும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

முதலில் வாலைப் பாருங்கள். நாட்டு உழவாரனுக்குக் குட்டையான, வெட்டிவிட்டாற்போன்ற வால். விரித்தால் ஓரம் லேசாக வளையும். பனை உழவாரனின் வால் நீண்டு ஆழப் பிளந்தது. ஆனால் பறக்கையில் பெரும்பாலும் அதை மூடியே வைத்திருப்பதால் ஊசிமுனை போலத் தெரியும். ‘பிளவு இல்லை, ஆகவே நாட்டு உழவாரன்’ என்று சிலர் எழுதியது இதனால்தான். சட்டெனத் திரும்பும்போது வால் கத்தரிபோல் ஒரு கணம் விரியும், அதுவரை பொறுங்கள். இளம் பறவைக்குப் பிளவு ஆழமில்லை. அங்கே உடல்வாகும் நிறமும்தான் கைகொடுக்கும். பனை உழவாரன் மெலிந்தது, சிறகு ஒடுங்கியது, உடல் முழுதும் மங்கிய பழுப்பு. மற்றது கட்டை உடல், கருநிறம், வெண்தொண்டை.

பனை உழவாரன் ஓலையின் அடிப்புற மடிப்பில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். காற்றில் ஓலை ஆடினாலும் விழாதபடி முட்டைகளையும் எச்சிலாலேயே ஒட்டிவைக்கும். தொங்கும் காவோலையைக் கழிக்குமுன் அடியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நாட்டு உழவாரன் பாலத்தடியிலும் உயர்ந்த கட்டடங்களிலும் கூட்டமாகக் கட்டும். ஆனாலும் பனைக்கு மேல் பறப்பதையெல்லாம் பனை உழவாரன் என்று எழுதிவிட வேண்டாம். இரண்டும் ஒரே வானில் பூச்சி பிடிக்கும்.

மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருந்ததாக வந்த பதிவுகளை நீக்கிவிட்டேன். அவை உழவாரனைப் போலவே தோன்றும் வேறு பறவைகளான தகைவிலான்கள். உழவாரனின் கால் சுவரையும் ஓலையையும் பற்றித் தொங்குவதற்கே ஏற்றது; கம்பியில் அமர அதனால் முடியாது.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. சற்றுப் பற்றாக்குறைதான், சந்தா பாக்கி வந்தால் சரியாகிவிடும். தலைவருக்கும் வகுப்புக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு படிவத்தில் ‘இனம் தெரியவில்லை’ என்று மூன்றாவது கட்டம் இருக்கும். தயங்காமல் நிரப்புங்கள், தவறான பெயரைவிட அது எனக்குப் பயன்படும். ஓர் இடத்துக்கு இருவர் வேண்டும், ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத. இப்போதுள்ள ஆட்கள் போதாது. சங்கத்தின் 8x42 இருகண்நோக்கி இரவல் போய் வெகுநாளாகிறது. வைத்திருப்பவர் அதோடு ஒரு மாலை வந்து நின்றால் இரண்டு குறையும் தீரும்.

இப்படிக்கு,
செயலாளர்